கிழக்கு மூலையில் இறங்காதே

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் நான் தூங்குவதாக உன் மாமா சொன்னாரே, அத்தனையும் பொய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் என்ன பேசிவிடுவேனோ என்று எனக்கே பயம். அதனால்தான் கடிதம். நடுவில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திட்டலாம் பார்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் உன்னிடமிருந்து அந்தப் போட்டோ வந்தது. நம் வயல். ஒரு கட்டி இல்லாமல் சலித்த மாவு மாதிரி மண். கீழே நீ எழுதியிருந்தாய்: "அக்கா, இனிமே நீ குனியவே வேணாம். மொத்தத்தையும் சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன்." நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்து, தையல் பிரிந்துவிட்டதோ என்று போர்வையை விலக்கிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் அம்மா, என் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து எனக்காக அழவே ஆரம்பித்துவிட்டார். என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தம்பி வயலை உழுதுவிட்டான் என்றேன். "அதுக்கா இந்தக் கத்து கத்தினீங்க?" என்று நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள்.

அவளுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது?

வாய்க்கால் தூர் வாரி நம் கரையில் மண்ணைக் கொட்டிய வருஷம் வந்த சனியன் அது. காட்டுச்சோளம். பார்க்க நம் சோளம் மாதிரியே இருக்கும், அதுதான் அதன் திருட்டுத்தனம். பூத்துவிட்டால் நம் விதைச்சோளத்தோடு கலந்து, விதை வாங்கிப் போகிறவன் வயலிலும் போய் முளைக்கும். பிடுங்கினால் மேலே இருப்பது கையோடு வரும். மண்ணுக்குள் விரல் தடிமனில் ஓடுகிற வெள்ளைத் தண்டு அப்படியே கிடக்கும். ஒரு கணு மிச்சம் இருந்தால் போதும், ஒரு குத்து கிளம்பிவிடும். அதற்காகத்தான் அப்பா கடைசிவரை கிழக்கு மூலையில் கலப்பையை இறக்கவில்லை. முள்கரண்டி மண்வெட்டியால் கிளறி, தண்டை முழுசாக உருவி, வாளியில் போட்டு, ஷெட் சிமென்ட் தரையில் வெயிலில் காயப் போடுவோம். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஒடித்துப் பார்க்கிற வேலை யாருடையது? உன்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட கழற்றாமல் டக் டக்கென்று ஒடித்துக்கொண்டு நின்றவன் நீ.

அந்த மூலையில் நின்ற பலகையிலும் உன் கையெழுத்துதான். 'கிழக்கு மூலையில் இறங்காதே.' பன்னிரண்டு வயதில் தார் தொட்டு எழுதினாய். இடம் போதாமல் கடைசி எழுத்தைச் சின்னதாக்கி ஓரத்தில் நெருக்கியிருப்பாய். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், அந்தப் பலகை ஷெட் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்திருக்கிறது. டிராக்டர்காரனைக் கூப்பிட்டு விட்டேன். அவனுக்கு ஊரில் 'ஹாரன்' என்று பெயர், அவ்வளவு சத்தம் போடுகிறவன். அன்றைக்கு மட்டும் அடிக்குரலில், "பலகையப் பாத்துட்டு உங்க தம்பிக்குப் போன் போட்டேன்கா. அதையும் சேத்து ஓட்டிடு, அக்காவுக்கு வேலை மிச்சம்னாரு" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. மொத்தமும் உன்மேல் வந்துவிட்டது. அவன் கேட்டிருக்கிறான். நீ ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

என்ன செய்திருக்கிறாய் தெரியுமா? அந்த மிஷின் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, வயல் முழுக்க ஒரே சீராகத் தூவிவிட்டது. நான் ஆள் வைத்து விதைத்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வராது. இத்தனை வருஷமாகத் துரத்தித் துரத்தி அதை ஒரு கட்டில் அகலத்துக்கு ஒடுக்கி வைத்திருந்தேன். இன்றைக்கு வாசலில் நின்று பார்த்தால் வரப்பு எது வயல் எது தெரியவில்லை, பச்சைப்பசேலென்று பாய் விரித்துப் படுத்திருக்கிறது. வேலியைத் தாண்டி ரோட்டோரக் கல்லிடுக்கில்கூட ஒரு குத்து. ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. என் கட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பூத்து நின்றது. ஏழு நாளும் அதன் முகத்தில்தான் விழித்தேன்.

விதை ஆய்வாளர் அம்மா போன வாரம் வந்தார். வயலுக்குள் பத்தடிகூடப் போகவில்லை. "என்ன இது, உங்க வயல்லயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் கூனிக் குறுகிப் போனேன். பத்தொன்பது வருஷமாக நம் வயலைக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவார். இந்தப் பருவம் விதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த பருவத்துக்குள் ஒரு குத்துகூடப் பூக்காமல், மண்ணுக்குள்ளும் இல்லாமல் செய்தால் மறுபடி வந்து பார்ப்பாராம். இல்லையென்றால் விதை வயல் பட்டியலிலிருந்து அப்பா பெயரை எடுத்துவிடுவாராம். ஆமாம், இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. நான் மாற்றவே இல்லை.

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய், அது தெரியாதவள் இல்லை நான். அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. எதிரி செய்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். நீ அங்கிருந்துகொண்டே நல்லது செய்கிறாய். கூரை ஒழுகினால் ஆள் அனுப்புகிறாய், எனக்கு உடம்பு முடியவில்லை என்றால் டிராக்டர் அனுப்புகிறாய். ஆறு வருஷமாகிறது, நீ மட்டும் வருவதில்லை. வந்திருந்தால் அந்தப் பலகையைத் தாண்டிக் கால் வைத்திருப்பாயா?

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். சின்ன ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். அவ்வளவு சின்னது இல்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர், கட்டியை மொத்தமாக எடுத்தாச்சு என்றார். "ஒரு துண்டுகூட விடலையே?" என்று நான் கேட்டேன். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், முடிவு வரட்டும் என்றார். உன் மாமாவுக்கு அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. பஸ் டிப்போவில் இன்ஜினைக் கழற்றிவிட்டு எந்த போல்ட் எதற்கு என்று மறந்து நிற்கிறாராம், கூட வேலை செய்கிறவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் நான் குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. நீ எழுதியது பலித்துவிட்டது, பார்த்தாயா? புல்லுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு வளர்கிறது. மேலே இருப்பதைக் கூலிக்கு ஆள் வைத்து அறுத்துவிட்டேன், மறுபடி துளிர்த்துவிட்டது, ஆனாலும் இப்போதைக்குப் பூக்காது. அடியில் கிடப்பதைக் கூலி ஆளை நம்பி விட மாட்டேன். வளைகிறதா ஒடிகிறதா என்று பார்க்கத் தெரிந்தவன் வேண்டும்.

லீவு இல்லை, சூப்பர்வைசர் விட மாட்டார் என்று எழுதாதே. கிழித்துப் போட்டுவிடுவேன். பணம் அனுப்பாதே, மிஷின் அனுப்பாதே, யாருக்கும் போன் போடாதே. நீ வா. முள்கரண்டி மண்வெட்டிக்குப் புதுப்பிடி போட்டு வைத்திருக்கிறேன். நான் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீ விடுகிற ஒவ்வொரு துண்டுக்கும் திட்டுவேன். வாங்கிக்கொள்.

பலகையை நட்ட இடத்திலேயே மறுபடி நட்டுவிட்டேன். அதற்கு இப்போது அர்த்தமே இல்லை, இருந்தாலும் சாய்த்து வைத்திருக்கப் பார்க்கச் சகிக்கவில்லை.

பரிசோதனை முடிவை வருகிற இருபத்து நான்காம் தேதி காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கூட ஒருவர் வர வேண்டுமாம். உன் மாமா லீவு கேட்கக் கிளம்பினார். வேண்டாம், தம்பி வருவான் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத
அக்கா