உன் ஸ்கூட்டரும் என் மார்க்கும்

என் வாயாடி மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், நம்புவதற்குக் காசா பணமா. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அம்மா போன் பண்ணிப் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். உன் ஸ்கூட்டர் கடன் இருக்கிறதே, அதை எவனோ ஒரு திருடன் என் பேரில் வாங்கியிருக்கிறான் என்று நான் புகார் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே, முழுசாகப் படி.

நம் சலூனை ஒட்டிய அறையில் கூரியர் ஆபீஸ் இருந்ததல்லவா, காலி பண்ணிவிட்டார்கள். அதை எடுத்து உன் அம்மாவுக்குப் பெண்கள் முடிவெட்டும் இடமாக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இத்தனை வருஷமாக அவள் நம் கூடத்தில் டீவிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே நாற்காலி போட்டு வெட்டிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் என் தட்டில் நீளமாக ஒரு சுருட்டை முடி. என் தலையில் ஒன்றும் இல்லை, அவளுக்கு நேர்முடி, நல்லவேளை அந்த வாடிக்கைக்காரம்மா அப்போது எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், இல்லாவிட்டால் வீட்டில் ரகளையாகியிருக்கும். அறைக்குச் சொந்தக்காரர், மாசக் கடைசி வரைக்கும் உனக்காக வைத்திருக்கிறேன், அப்புறம் சாவிக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். சாவிக்காரர் என்றால் நம் எதிரே டூப்ளிகேட் சாவி போடுகிறாரே அவர்தான்.

சரி என்று பேங்கில் கடனுக்கு எழுதிப் போட்டேன். அங்கே லோன் ஆபீசர் நம்மிடம் சவரம் பண்ணிக்கொள்கிறவர், அந்தப் பெரிய மீசைக்காரர், பெற்ற பிள்ளையைப் போல மீசையைத் தடவிக்கொண்டே பேசுவாரே. அவர், உங்கள் கிரெடிட் ஸ்கோர் பத்தாது, கடனை ஒழுங்காகக் கட்டுவதற்குப் போடுகிற மார்க் கம்மி என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் மார்க் கம்மி என்றால் ஒத்துக்கொள்ளலாம், ஆயுசில் கடனே வாங்காதவனுக்கு எப்படி மார்க் குறையும். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள் என்றார். எடுத்தால் அதில் ரெண்டு கடன். ஒன்று, ஏதோ ஊரில் பெரிய டீவி வாங்கிவிட்டுத் தவணை கட்டாத கடன். நம் வீட்டு டீவியைத் தலையில் தட்டினால்தான் படம் வரும். இன்னொன்று, ரெண்டு தவணை தள்ளிக் கட்டின ஸ்கூட்டர் கடன். சைக்கிளில் ஏறினாலே எனக்குக் கால் நடுங்கும். ரெண்டும் பித்தலாட்டம், ரெண்டுக்கும் புகார் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

வழியில் சாவிக்காரர் பிடித்துக்கொண்டார். ஐயோ அண்ணே, புகார் கொடுத்தால் வம்புக்காரன் என்று இருக்கிற மார்க்கையும் குறைத்துவிடுவார்கள், பேசாமல் இருங்கள் என்றார். நான் அதை நம்பி ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நான் வாயை மூடின ஒரே வாரம் அதுதான் என்று அம்மா சொல்கிறாள். அவளுக்குத்தான் முதலில் உறைத்தது, அந்த அறை வேண்டும் என்று நிற்கிறவரிடமா யோசனை கேட்டீர்கள் என்றாள். அப்புறம் மீசைக்காரர் சவரத்துக்கு வந்தபோது கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே கேட்டேன், அந்த நிலைமையில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். புகார் கொடுத்த ஒரே காரணத்துக்காக யாருக்கும் மார்க் குறையாது, விசாரித்து ரிப்போர்ட்டில் எதை மாற்றுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் ஏறும் இறங்கும், விவரம் சரியாக இருந்தால் அப்படியே நிற்கும் என்றார். ஆனால் புகார் முடியும்வரை உங்கள் கடனை நகர்த்த முடியாது, அதுக்கு ஒரு மாசம்கூட ஆகலாம் என்றும் ஒரு குண்டைப் போட்டார்.

அன்றைக்கே கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிப் புகாரைப் போட்டுவிட்டு, காலண்டரைப் பார்த்தால் மாசக் கடைசி என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. அம்மா அந்த அறையில் கண்ணாடி மாட்டப்போகிற சுவரைத் தினம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

நல்லவேளை பதில் சீக்கிரம் வந்துவிட்டது. டீவி வேறு எவனோடதோ, அவனுக்கும் என் பேராம், அதை எடுத்துவிட்டார்கள். ஸ்கூட்டருக்கு மட்டும் கடன் பத்திரத்தில் இருந்த கையெழுத்தை நகலெடுத்து அனுப்பியிருந்தார்கள். மண்புழு நெளிகிற மாதிரி இருந்தது, சந்தேகமே இல்லை, என்னுடையதுதான். மேலே உன் கையெழுத்து. அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஷோரூமில் ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு நீ விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேனே. நான் சாட்சிக் கையெழுத்து என்று நினைத்தேனடி! கூட்டுக் கடனாம், உன் கடன் என் கடனுமாம். நீ வேலை மாறினபோது தள்ளிக் கட்டின ரெண்டு தவணையும் என் தலையிலும் ஏறியிருக்கிறது. அது உண்மையானதால் அழிக்க மாட்டார்கள், ஒழுங்காகக் கட்டக் கட்ட நாளாவட்டத்தில் அதன் வேகம் குறையும் என்கிறார் மீசைக்காரர். பெற்ற மகளைத் திருடி என்று எழுதிக் கொடுத்த அப்பன் நீங்கள்தான் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

டீவி போனதிலேயே மார்க் ஏறிவிட்டது. இன்று காலை கடன் பாஸ் ஆகிவிட்டது. சொந்தக்காரரிடம் முன்பணம் கொடுத்தாயிற்று, உன் அம்மா அறையைக் கூட்டிக்கொண்டே பாடுகிறாள், அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்ளத் தேவையில்லாத தூரத்தில் இருக்கிறாய்.

தங்கம், நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும், மிச்சத் தவணைகளைத் தேதி தவறாமல் கட்டிக்கொண்டே நல்லா இருக்க வேண்டும். உன் பேரிலும் ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பார். ஏதாவது தப்பாக இருந்தால் பயப்படாமல் புகார் போடு, போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு
உன் கூட்டுக் கடன்காரன்,
அப்பா

பின்குறிப்பு: கடன் பாஸ் ஆன செய்தியை மீசைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார். நான் அப்போது மீசை ஓரத்தை மெஷினால் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முழுசாகப் போய்விட்டது. சமமாக இருக்கட்டும் என்று வலது பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்து மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். என்னிடமே கொடுக்கலாம், அதனால் மார்க் ஒன்றும் குறையாது என்று சொன்னேன்.