பாஸ் ஏரியில் கிராப்பி

அன்பு மகள் டார்லாவுக்கு,

பெரிய பாஸ் மீன் சிக்கினால் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவதுதான் நம் டெக்சஸ் ஏரியில் வழக்கம். முப்பது வருடமாக நானும் வெறுங்கையோடுதான் வீடு திரும்பினேன்.

"போட்டோவைப் பொரிச்சா திங்க முடியும்? நாலு கிராப்பி மீனாவது கொண்டு வாய்யா" என்பாள் உன் அம்மா.

"இது பாஸ் ஏரிடி. அந்தப் பொடிமீனெல்லாம் இங்க கெடையாது!"

நான் தேடியதே இல்லை.

நேற்றுப் பாலத்தூண் ஓரமாகத் தூண்டில் போட்டேன். இழுக்க இழுக்கக் கிராப்பி. இத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கின்றன.

சோளமாவில் புரட்டிப் பொரித்தேன். பழக்கத்தில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டேன். அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கல்லறைக்குப் போகுமுன் நீ வந்து எடுத்துவிடு.

உன் அப்பா