அப்பாவின் முழங்கையில் நீல டேப்

ஜூலை 8, செவ்வாய்
காலையில் தூறல். கபடி இல்லை. ஆடுகிறவர்களுக்குத் தசை வலிக்கு ஒட்டும் நீல டேப்பில் மீந்ததை, பி.டி. மிஸ் அப்பாவுக்காக என்னிடம் கொடுத்தார்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்கித் தூக்கி அவருக்கு வலது முழங்கையில் வலி. டீ கிளாஸ் பிடிக்க முடியவில்லை. மிஸ் சொன்னது: டென்னிஸ் எல்போவாம்.

"டென்னிஸா? எந்த கிரவுண்டுல ஆடுனனாம் நானு?" சிரித்தார்.

மிஸ் சொன்னபடி நானே ஒட்டிவிட்டேன். மறக்காமல் இருக்க: கையில் எண்ணெய் துடைக்கணும். டேப் மூலையை வளைத்து வெட்டணும். நுனியை இழுக்கக் கூடாது, நடுவில் மட்டும் லேசாக. பிறகு தேய்க்கணும், சூட்டில்தான் பிடிக்கும்.

வலி வந்து பதினைந்து நாள். பதினைந்து நாளும் அம்மாவுக்கு அடி இல்லை. ஒட்டும்போது இது தோன்றவே இல்லை.

ஜூலை 9, புதன்
வலி குறைந்து அப்பா நாள் முழுக்க லோடு தூக்கினார். ராத்திரி, குழம்பில் உப்பு இல்லை என்றார். அம்மாவின் முடியைச் சுற்றிப் பிடித்துக் கதவு நிலையில் இடித்தார். மூன்று முறை. டேப் துளியும் பிரியவில்லை. நான் ஒட்டியது.

புருவம் பிளந்து ரத்தம். "கண்ண மூடிக்கடி!" என்று அம்மா என்னிடம் கத்தினாள்.

கணக்கு வீட்டுப்பாடம் போடவில்லை.

ஜூலை 10, வியாழன்
குளித்ததும் அப்பா பழைய டேப்பைப் பிய்த்துவிட்டு, "புதுசா ஒட்டு" என்றார். தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். துடைக்காமல் ஒட்டினேன்.

"என்ன புள்ள, அதுக்குள்ள முடிச்சிட்ட?"

"ஸ்கூலுக்கு நேரமாச்சுப்பா."

ஜூலை 11, வெள்ளி
மார்க்கெட்டில் டேப் கழன்று, பிடி நழுவி, பெட்டி சிதறியதாம். "உம்பொண்ணு நோட்டு லேபிள ஒட்டி வுட்டாளா?" என்று எல்லாரும் சிரித்தார்களாம்.

"எண்ணெ மேலயே ஒட்டுனியா? வேணும்னேதான?"

இடது கையால் அறைந்தார். பல் உதட்டில் இறங்கியது. குறுக்கே வந்த அம்மாவுக்கு வயிற்றில் உதை. வலது கை வலித்தாலும் அவருக்கு இடது கை இருக்கிறது, கால் இருக்கிறது. நான் யோசிக்கவில்லை.

ஜூலை 12, சனி
வலியால் அப்பா வேலைக்குப் போகவில்லை. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தெரியாமல் யாரும் போக முடியாது.

குழாயடியில் அம்மா மெதுவாக: "நாளைக்கு அவரு லோடுக்குப் போயே ஆவணும், அப்பதான் நாம கெளம்ப முடியும். நல்லா ஒட்டி வுடு. காலைல அஞ்சரை பஸ்ஸு. கடத்தூரு மாமா வூட்டுக்கு. இனிமே இங்க வர வேண்டாம்."

இரண்டு தரம் எண்ணெய் துடைத்தேன். மூலைகளை வளைத்து வெட்டினேன். தேய்த்தேன், தேய்த்தேன்.

"இப்பதாண்டி ஒழுங்கா ஒட்டியிருக்க."

புத்தகப் பையில் அம்மாவின் ஒரு சேலை, என் யூனிஃபார்ம், ஆதார் அட்டைகள். கத்தரிக்கோலும்.

ஜூலை 13, ஞாயிறு
மணி நாலு. போர்வைக்குள் எழுதுகிறேன். அப்பா எழுந்துவிட்டார். கையை மடக்கி, நீட்டிப் பார்க்கிறார். டேப் பிரியவில்லை.