தண்ணீர் தீர்ந்துபோனவர்கள்

அன்புள்ள அயின்போகா,

நீயும் அம்மாவும் குழந்தையும் சுகம்தானே? அங்கே மழை பிடித்ததா? எனக்கு ஒன்றுமில்லை. ரேடியோவில் சொன்னதைக் கேட்டுப் பயந்துவிடாதே.

சுரங்கத்துக்கு வெடிமருந்து ஏற்றிப்போன லாரி, சந்தைப் பக்கம் தீப்பிடித்தது. நாங்கள் போவதற்குள் தீ சரக்கைத் தொட்டுவிட்டது. அதன்பிறகு தண்ணீர் அடிக்கக் கூடாது. ஆட்களை விரட்டிவிட்டு நாங்களும் ஓட வேண்டும். குழாயைப் போட்டுவிட்டு, "ஓடுங்க, வெடிக்கப்போகுது!" என்று கத்தினோம்.

ஒருவரும் நகரவில்லை. தீயணைப்புக்காரன் தண்ணீர் இல்லாமல்தான் வருவான் என்பது இங்கே பழைய கேலியாயிற்றே.

"பாருங்கடா, இன்னிக்கும் தண்ணி தீந்துபோச்சு!" என்று சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள். தண்ணீர் பாக்கெட் விற்கிற பெண் ஒருத்தி, "இந்தாண்ணே, இத ஊத்தி அணை. காசு வேணாம்!" என்று ஒரு பாக்கெட்டை என்மேல் எறிந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். உதறிக்கொண்டாள்.

சாக்கடைக்குள் விழுந்ததால் நான் பிழைத்தேன். அவள் நின்ற இடத்தில் இப்போது தெருவே இல்லை.

நேற்று சீருடையில் அந்த வழியாகப் போனேன். ஒருவன் என்னைப் பார்த்ததும் காலி வாளியைக் கவிழ்த்துக் காட்டினான்.

இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் பக்கத்தில் நின்று ஏதோ வாயசைத்துவிட்டுக் கையாட்டுகிறார். தோல் வறண்டு கிடக்கிறது, அவரிடமே கொஞ்சம் ஷியா வெண்ணெய் கொடுத்துவிடு. இனி போன் பண்ணாதே, எழுது. பயல் பேச ஆரம்பித்துவிட்டான் என்றாயே, என்னென்ன சொல்கிறான் என்று ஒவ்வொன்றாக எழுதிப் போடு.

உன்
அகோல்கோ