மாப்ளே, அந்த அட்டை அலமாரிக்குள் என்ன வைத்தாய்?

என் உயிருக்கு உயிரான மாப்ளே செல்வராசு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ கண்மூடிப் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தும், "எனக்கென்ன மச்சான், ராஜா மாதிரி இருக்கேன்" என்றுதான் சொல்வாய். உன் வாயிலிருந்து வந்ததில் எதை நம்புவது, எதை விடுவது என்று போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் ரேவதிக்குப் பாண்டிச்சேரியில் வேலை கிடைத்துவிட்டது. அங்கேயே வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டாள். சாமான் ஏற்றுவதற்காகக் கீழ்புத்துப்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து மரக்காணத்தில் வந்து இறங்கினேன். என் தங்கச்சி கமலா, "நீ எதுக்குண்ணா அலையற?" என்றாள். தாய்மாமன் கை வைக்காமல் ஒரு சொம்பாவது வண்டி ஏறுமா?

"மாமா, அந்த அட்டை அலமாரி எனக்கு வேணும்" என்றாள் ரேவதி.

மாப்ளே, அந்த நிமிஷம் நான் ஓரடி வளர்ந்துவிட்டேன். உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் தூக்கி எறிந்த அட்டைப் பெட்டிகளை நான்தானே தலையில் சுமந்து வந்தேன்? மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, அட்டைக்குள் ஓடும் நெளிவரிகள் செங்குத்தாக நிற்கும்படி பெட்டி மேல் பெட்டி ஒட்டி, கமலாவின் பழைய புடவையைச் சுற்றிலும் இழுத்துப் போர்த்தி, பிஸ்கட் பெட்டிகளில் இழுப்பறை செய்து, இழுக்க நாடாவும் கோத்தேன். எட்டாவதைப் பாதியில் விட்டவன் செய்த வேலை என்று யாராவது சொல்வார்களா? புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது பீரோவே ஆடியது, என் அலமாரி ஆடவில்லை. வெள்ளைக்காரம்மா ஒருத்தி வந்து போட்டோகூட எடுத்தாள். ஊரில் நான் ஒரு பஸ் நிறைய வந்தார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

"வெறும் அட்டைதானே, ஒத்தைக் கையால தூக்குறேன் பாரு" என்று ரேவதியிடம் சொல்லிவிட்டுக் கை வைத்தேன்.

அசையவில்லை.

இரண்டு கையும் போட்டு இழுத்தேன். அடிமூலையில் புடவைத் துணி கிழிந்தது. உள்ளே மரம். வெள்ளை பூத்த, உப்பு ஊறிய மரம். உப்பளத்தில் நீ காலமெல்லாம் உப்பு வாரிய பலகைகள்! கைப்பிடியை அறுத்தெடுத்துவிட்டு, மூலைக்கு மூலை நிறுத்தி, தட்டுக்குத் தட்டு தாங்கு கொடுத்து, ஆணியடித்து, மேலே என் அட்டையைச் சட்டை மாதிரி மாட்டி வைத்திருக்கிறாய்.

கமலாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"என்னா கமலா இது?"

"நீ ஒட்டிட்டு பஸ் ஏறுன. மறுநாளே அது குந்திடுச்சுண்ணா. அவருதான் பலகைய வெச்சு நிமித்துனாரு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தாரு. நீ அடுத்த வாரம் வந்து, அதைத் தட்டிப் பாத்து, 'பாத்தியாடா மாப்ளே, எப்படி நிக்குது'ன்னு கேட்ட. அப்புறம் எங்க சொல்றது?"

தட்டினேன்தான். டொக் டொக் என்று சத்தம் வந்தது. "பசை இறுகுனா மரமாவே மாறிடும்" என்றேன். நீ தலையாட்டினாய். "உன் கை ராசி மச்சான், வேற யாருக்கு வரும்?" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லையே, எப்படி முடிந்தது உன்னால்?

இது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். டீக்கடை ஏழுமலைக்கு நான் செய்து கொடுத்த அலமாரி ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டு அலமாரியைக் காட்டித்தான் அவனைச் சம்மதிக்க வைத்தேன். முதல் மழைக்கே கண்ணாடி கிளாஸ் அத்தனையோடும் அது உட்கார்ந்துவிட்டது. அவன் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தான் என்று கடை வாசலிலேயே கத்தினேன். அன்றோடு அவன் கடை டீயையும் விட்டேன், அவனோடு பேச்சையும் விட்டேன்.

சாமான் ஏற்ற வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டிலிருந்து நேரே அவன் கடைக்குப் போனேன். பாய்லர் பக்கம் நின்றபடியே என்னைப் பார்த்தான்.

"என்னாண்ணா, வழி தெரிஞ்சிதா?"

"ஏம்பா ஏழுமலை, செல்வராசு வீட்டு அலமாரிக்குள்ள பலகை இருந்தது உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் உள்ளே பலகை வெக்கச் சொன்னாரு, நான்தான் கேக்கல. அந்தப் பெட்டியில உப்புத் தூள் ஒட்டியிருக்கும், மழைக்காத்து அடிச்சா தண்ணிய இழுத்துக்கும், அட்டை ஊறிடும்னாரு. உப்பளத்துக்காரரு, அவருக்குத் தெரியாதா?"

கேட்டாயா மாப்ளே? பெட்டியில்தான் குறை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. டீக்கடைக்காரனிடம் சொல்லியிருக்கிறாய். பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் கை ராசி என்றாய். நான் திரும்பத் திரும்ப அதே கொட்டகையிலிருந்து அதே உப்புப் பெட்டியைச் சுமந்து வந்தேனே, எதிரில் வந்து ஒரு கை பிடித்து இறக்கியும் வைத்தாயே, அப்போதாவது வாய் திறந்தாயா? என்னைக் காப்பாற்றினாயா, கைவிட்டாயா? ஊரே மறைத்திருந்தால் வலிக்காது. நீ மறைத்தாயே.

ஏழுமலை டீயை நீட்டினான். குடித்தேன். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

திரும்பி வந்தால் ரேவதி அலமாரியைப் பிரித்துப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊறிப்போன அட்டை ஒரு பக்கம் குவிந்து கிடந்தது.

"பலகைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"வெறும் பலகைய வெச்சிக்கிட்டு என்னா பண்றது மாமா? அட்டைய நீங்கதான் ஒட்டித் தரணும். அப்பா உங்களுக்குச் சொல்லாம விட்டாருன்னு என்மேலயும் சேத்துக் கோவிச்சிக்கிறீங்களா?"

உன் மகள் பேச்சு உன்னை மாதிரியே இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

சரி மாப்ளே, வாக்குக் கொடுக்கிறேன். இந்த முறை துணிக்கடைப் பெட்டி. உப்புக் கொட்டகைப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன். உன் பலகைகளை உள்ளே நிறுத்தி, நானே ஆணியடித்து, மேலே அட்டையை ஒட்டி, கமலா எடுத்துக் கொடுத்த உன் நீலக்கட்டம் போட்ட லுங்கியைப் போர்த்தப் போகிறேன். பாண்டிச்சேரியில் யார் வந்து தட்டிப் பார்த்தாலும், முழுக்க முழுக்க அட்டை, பசை இறுகினால் இப்படித்தான் என்று சொல்வேன்.

நீ குறுக்கே பேசாதே. வாய் திறக்காமல் இருப்பதுதான் உனக்கு நன்றாக வருமே.

இன்னும் கோபம் தீராத,
உன் கமலாவின் அண்ணன்,
ரேவதியின் தாய்மாமன்.