பூசையில் வைத்த கரடிப் புத்தகம்

புரட்டாசி 13, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். வடகம் காயவில்லை. மகள் யாழினிக்குக் காலாண்டு லீவு. பால் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் எதிர்வீட்டுக்கு ஓட்டம். எதிர்வீட்டில் என் ஓரகத்தி செல்வி. தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதைப் புத்தகம் படிக்க விடுகிறாள். குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு. தப்பாகப் படித்தாலும் திருத்துவதில்லையாம்.

யாழினிக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தது நான். பொட்டலத் தாளும் சாமி பாட்டும் பார்த்து நானாகப் படித்தவள். என்னிடம் உட்கார்ந்தால் கொட்டாவி. அங்கே சிரிக்கிற சத்தம் என் அடுப்படி வரை.

புரட்டாசி 14, செவ்வாய்

நாளை சரஸ்வதி பூசை. பொரி, கடலை, பூ வாங்கி, கணக்கும் எழுதியாயிற்று.

யாழினி செல்வியிடமிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையில் சேலை கட்டிய கரடி. பாதி முடிந்ததாம், கரடி கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதாம். மீதியை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன்.

"நீ தப்புக் கண்டுபிடிப்ப. சித்தின்னா சும்மா கேட்டுக்கிட்டிருப்பாங்க."



புரட்டாசி 15, புதன்

தூறல். பாடப் புத்தகங்களோடு கரடியையும் பிடுங்கிப் பூசையில் அடுக்கினேன். இன்று ஓரெழுத்துப் படிக்கக் கூடாது, நாளைக் காலையில்தான் எடுக்கணும் என்றேன். பிள்ளை முகம் சுண்டிவிட்டது. சுண்டல் வாங்க வந்த செல்வி பார்த்துவிட்டாள்.

"அக்கா, கதைப் புத்தகந்தானே. அதை விட்ருங்களேன்."

"அதுவும் சரஸ்வதிதான்."

சுண்டலை வாங்கிக்கொண்டு போனாள். நான் பக்தியில் வைக்கவில்லை. நார்த்தாமலை ஆத்தாவுக்குத் தெரியும்.

மத்தியானம் வீடே தூக்கம். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூவை ஒதுக்கி உருவினேன். அட்டையெல்லாம் சந்தனம். அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். கரடி பந்தியில் சாப்பிட்டு, தன் முந்தானையையும் சேர்த்து இலையை மடக்கிவிடுகிறது. எழுந்தால் இலையும் கூடவே வருகிறது. சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன்.

திரும்பினால் யாழினி. என் கையில் புத்தகம். படிக்கக் கூடாதுன்னியே என்று கேட்பாள் என்றிருந்தேன்.

"எதுவரைக்கும்மா வந்திருக்க?"

"எலையை மடக்கிருச்சு."

"நான் இன்னும் அங்க வரலை. அங்கிட்டு நகரு."

மெதுவான குரலில், விட்ட இடத்திலிருந்து எனக்குப் படித்தாள். இரண்டு இடத்தில் தப்பு. திருத்த வந்த வாயை அடக்கிக்கொண்டேன். இலை வந்ததும் இரண்டு பேருமே வாயைப் பொத்தினோம்.

முடிந்ததும் அவளே பூவுக்கடியில் செருகினாள்.

"சித்திக்கிட்டச் சொல்ல மாட்டேம்மா."