மூன்றாம் அடி

8 ஜனவரி 2025, புதன்

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள், ஏழாம் வகுப்பில் முகலாய அரசர்களின் வரிசையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், உங்களுக்கு டீச்சர் யாருங்க? அவங்களுக்கு டீச்சர் யாருங்க?" முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன், ஞானசுந்தரி டீச்சர் என்று. இரண்டாவதற்குப் பதில் தெரியவில்லை. பாபருக்குப் பின் ஹுமாயூன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்கு விரல் விட்டு எண்ணச் சொல்லிக் கொடுத்தவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தது யாரென்று தெரியாது.

இன்று அந்தக் கேள்வி நினைவுக்கு வரக் காரணம் சதீஷ்குமார். என் பழைய மாணவன், இப்போது நிட்டிங் கம்பெனி முதலாளி. திருப்பூர் பக்கம் மங்கலத்தில் சிலம்பத்துக்கென்று ஒரு கூடம் கட்டியிருக்கிறான். தைப்பூசத்தன்று திறப்பு விழா. சுவரில் பதிக்கும் கல்லுக்கு வாத்தியார்களின் பெயர் வரிசையும், விழா மலருக்கு அவர்களுடைய வாழ்க்கை வரலாறும் நான் எழுத வேண்டுமாம்.

"பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க டீச்சர். மேல எங்க அப்பாரு சாமியப்பன் வாத்தியார் பேரு. கீழ வெள்ளியங்கிரி அண்ணன் பேரு. அவ்ளோதானுங்க."

"நடுவுல?"

"நடுவுல என்னங்க இருக்குது?"

வெள்ளியங்கிரியும் என்னிடம் படித்தவன்தான். சதீஷ்குமாரின் தாத்தா சாமியப்பன் இறந்தபோது வெள்ளியங்கிரி டவுசர் போட்ட பையன். அவனை இவ்வளவு பெரிய சிலம்பக்காரன் ஆக்கியது யார்? "தெக்கத்தி டெய்லர்கிட்டப் போயி கம்பு சுத்தீட்டு வர்றானுங்க" என்று அவன் அம்மா பள்ளிக்கூடத்து வாசலில் குறைப்பட்டது எனக்கு மறக்கவில்லை. அந்த டெய்லரின் பெயர் சுடலை.

சதீஷ்குமாரிடம் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

12 ஜனவரி, ஞாயிறு

வெள்ளியங்கிரியைப் போய்ப் பார்த்தேன். சுடலையின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த கம்பைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த கம்பு.

"சாமியப்ப வாத்தியார் எனக்கு விஜயதசமியன்னிக்குக் கம்பு தொட்டுக் குடுத்தாருங்க டீச்சர். அது பொய்யில்லீங்க."

"சொல்லிக் கொடுத்தது?"

"சுடலை ஆசான் பேரை மனசுக்குள்ள சொல்லிக்கிறனுங்க."

இவர்கள் சிலம்பப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கம்பைத் தரையில் கிடத்தி, கற்றுக் கொடுத்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு முதன்முதலாகப் போனபோது வெள்ளியங்கிரி சாமியப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறான். ஊரே கை தட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பெயர்தான்.

சுடலை இறந்துவிட்டார். அவர் மகள் அபிராமி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறாள். மாலையில் ஹாஸ்டல் பெண்களுக்கு ஒரு மொட்டை மாடியில் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறாள். இப்போது வீட்டுக்காரர் மாடியைப் பூட்டிவிட்டார். புதிய கூடத்தில் வாரம் ஒரு மாலை கேட்டிருக்கிறாள். வரிசையில் வந்தவர்கள்தான் அங்கே கற்றுக் கொடுக்கலாம் என்று சதீஷ்குமார் மறுத்துவிட்டானாம். ஆக, கல்லில் அப்பா பெயர் இல்லையென்றால் மகளுக்கு இடமில்லை.

நான் எழுதப் போகும் இரண்டு வரி.

13 ஜனவரி, திங்கள்

சதீஷ்குமார் போனில்: "அந்தப் பொண்ணுக்குக் கம்பெடுத்ததும் செய்யற வணக்கமே சரியா வராதுங்க டீச்சர். மூணாம் அடியில வலது பாதத்தைத் தரையோட தேய்ச்சு இழுக்கோணும். பூமி வணக்கமுங்க அது. எங்க அப்பாரு கண்டுபுடிச்சது. அதுகூடத் தெரியாதவங்களை எப்படிங்க நம்ம வரிசைன்னு சொல்றது?"

அபிராமியிடம் கேட்கலாமென்றால் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டாள். திருப்பூரில் பாதிப்பேர் இப்போது தென் மாவட்ட பஸ்ஸில்தான் இருப்பார்கள்.

16 ஜனவரி

அபிராமி போனை எடுக்கவில்லை. சதீஷ்குமார் கூப்பிட்டான், நானும் எடுக்கவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

பயிற்சியைப் பார்க்கப் போனேன். விடுமுறை முடியாததால் அந்தப் பக்கத்துத் தறிகள்கூட ஓடவில்லை. தரையில் கம்பு படும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சதீஷ்குமார் சொன்னது உண்மைதான். எல்லாரும் மூன்றாவது அடியில் வலது பாதத்தை இழுக்கிறார்கள். வெள்ளியங்கிரி இழுக்கிறான், அவன் மகள் சண்முகப்பிரியா இழுக்கிறாள், போன மாதம் சேர்ந்த குழந்தைகள்கூட இழுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னவோ உறுத்துகிறது. மற்ற எல்லா அடியிலும் பாதம் சுத்தமாக மேலே எழுந்து இறங்குகிறது. வேகம் பிறக்க வேண்டிய இந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் இவர்கள் தாங்களே பிரேக் போடுகிறார்கள்?

எனக்குக் கம்பைப் பற்றி என்ன தெரியும்? வரலாறு சொல்லிக் கொடுத்தவள். பேசாமல் இரண்டு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கலாம்.

22 ஜனவரி, புதன்

அபிராமி வேலை முடிந்து நேராக வந்தாள். துணிப் பஞ்சு தலைமுடியில் ஒட்டியிருந்தது. கருப்பட்டிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். கூடத்தைப் பற்றி அவளாகப் பேசவில்லை. வணக்கம் செய்து காட்டச் சொன்னேன். என் துடைப்பக் கட்டையை எடுத்துக் கீழே வைத்து, "சுடலை ஆசான்" என்று சொல்லி எடுத்தாள். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் காலைத் தூக்கி நேராக வைத்தாள். இழுக்கவே இல்லை.

"மூணாம் அடியில இழுக்கணுமாமே?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"டீச்சர், அப்பாக்கு வலது காலு விளங்காதுல்லா. வாலிபத்துல பனையில இருந்து விழுந்தாவ. நடக்கும்போது தெரியாது. அந்த அடியில மட்டும் காலை மேல தூக்க முடியாம இழுப்பாவ. எனக்குச் சொல்லித் தரும்போது, 'என்னைய மாதிரி இழுக்காத மக்கா, நேரா எடுத்து வையி'ன்னு சொல்லுவாவ."

"மத்தவங்களுக்கு அதைச் சொல்லலையா?"

"அவ்வளவு பேரு முன்னால எப்படி டீச்சர் சொல்லுவாவ? வெக்கப்பட்டிருப்பாவ."

அவள் போன பிறகு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. கரும்பலகையில் நான் எதையாவது தப்பாக எழுதினால் நாற்பது பிள்ளைகளும் அதை அப்படியே நோட்டில் எழுதுவார்கள். தப்பு என்று தெரியாது. டீச்சர் எழுதியது, அவ்வளவுதான். சுடலையின் முடமான கால், அவரைப் பார்த்தே இராத குழந்தைகளின் காலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஒழுங்காகக் கற்றுக்கொண்டவளைத்தான் வணக்கம் தெரியாதவள் என்று வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

23 ஜனவரி

மகள் சொன்னது மட்டும் போதுமா? சாமியப்பனும் இழுத்திருந்தால்?

25 ஜனவரி, சனி

சாமளாபுரம் போனேன். சாமியப்பனின் மகள் ரங்காத்தாள் அங்கே இருக்கிறார். சதீஷ்குமாருக்கு அத்தை. எண்பதை நெருங்கினாலும் குரல் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிறது.

"எங்கய்யனா காலைத் தேய்ப்பாரு? ஏனுங்க டீச்சரம்மா, தேஞ்ச செருப்பா அவரு? வெட்டுக்கிளி மாதிரி எகிறி நிப்பாருங்க! தைப்பூசத்துக்குக் காவடி முன்னால அவரு ஆடுனா மண்ணுல கால்தடமே இருக்காது. யாரு சொன்னா தேய்ச்சாருன்னு?"

சொல்லாமல் மழுப்பினேன். "சொல்லுங்க சாமி, யாரு சொன்னா?" என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

26 ஜனவரி, ஞாயிறு

பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து வெள்ளியங்கிரியிடம் சொன்னேன். நீ இழுப்பது பூமி வணக்கம் இல்லையப்பா, உன் ஆசானின் கால் என்று.

எழுந்து போய் வணக்கம் செய்து பார்த்தான். மூன்றாம் அடியில் காலைத் தூக்கப் பார்த்தான்; கால் தானாக இழுத்தது. மறுபடியும் செய்தான். மறுபடியும் இழுத்தது. பிறகு கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"மழை வர்றப்ப ஆசான் முழங்காலைப் புடிச்சுட்டு உக்காருவாருங்க. என்னன்னு ஒரு நாள்கூட நான் கேக்கலீங்க டீச்சர்."

2 பிப்ரவரி

மூன்று பெயர்களோடு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டேன். சுடலையின் கால் பற்றியும் ஒரு பத்தி. சதீஷ்குமார் நின்றுகொண்டே படித்தான்.

"நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நெனைக்கலீங்க டீச்சர். கல்லு வெட்டக் குடுத்தாச்சுங்க."

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

7 பிப்ரவரி

கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அபிராமியை விழாவுக்கு அழைத்தது சரியா? அத்தனை பேர் முன்னால் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அவமானப்படுத்தப் போகிறேனோ?

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

ரங்காத்தாள்தான் துணியை விலக்கினார். கல்லில் இரண்டு பெயர்கள். சாமியப்பன், வெள்ளியங்கிரி. நடுவில் ஒரு பூ வேலைப்பாடு. பக்கத்தில் அபிராமி; அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

முதல் வணக்கத்துக்கு வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டார்கள். கம்பைக் கீழே கிடத்தினான். வழக்கம்போல் குனிந்து வேகமாகச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்று சொன்னான்.

"எனக்குக் கம்பு தொட்டுக் குடுத்தவர் சாமியப்பன் வாத்தியார். கம்பு சொல்லிக் குடுத்தவர் சுடலை ஆசான்."

கூட்டத்தில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். வணக்கம் தொடங்கியது. மூன்றாம் அடியில் இழுத்தான். அப்போது ரங்காத்தாள் எழுந்து நின்றார்.

"இதைத்தான் எங்கய்யன் தேய்ச்சாருன்னு சொன்னீங்களா?"

"இது ஆசானோட காலுங்கம்மா. பனையில இருந்து விழுந்த கால். அது தெரியாம நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்." கம்பை அபிராமியிடம் நீட்டினான். "இந்தா கண்ணு. ஆசான் செய்யச் சொன்ன மாதிரி நீ செய்யி."

அவள் செய்தாள். அந்த அடியில் அவள் கால் எழுந்து இறங்கியபோது முன்வரிசைக் குழந்தை ஒன்று கத்தியது: "அக்கா தேய்க்க மறந்துட்டாங்க!" கூடமே சிரித்தது. அபிராமியும் சிரித்தாள், கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

சதீஷ்குமார் சாப்பிடாமல் போய்விட்டான்.

14 பிப்ரவரி

செய்தி எதுவும் இல்லை. தெருவில் கார் நின்றால் எழுந்து பார்க்கிறேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

சதீஷ்குமார் வந்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எங்கத்தை ஊட்டுக்குள்ள உடமாட்டீங்கறாங்க டீச்சர். 'எகிறிக் குதிச்ச எங்கய்யனுக்கு எவனோட நொண்டிக் காலையோ ஒட்டி வெச்சிட்டயேடா'ன்னு ஒரே சத்தமுங்க. எங்க அப்பாருக்குப் பெருமை சேக்கறதா நெனைச்சுத்தானுங்க நான்…"

"தெரியும். உட்காரு சதீஷு."

உட்கார்ந்தான். காபி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை கூடத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

23 பிப்ரவரி, ஞாயிறு

கூடத்துக்குப் போயிருந்தேன். கல்லைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். சுவரில் வெறும் சிமெண்ட் சதுரம். புதுக் கல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கீழே ஹாஸ்டல் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அபிராமியின் சுடிதார் ஷாலில் கூடத்துச் சாவி முடிந்திருந்தது. வெள்ளியங்கிரியின் பிள்ளைகளில் சிலர் இன்னும் இழுக்கிறார்கள், சிலர் இழுப்பதில்லை. அவன் யாரையும் திருத்தவில்லை.

கல் தகராறில் நின்றுபோன விழா மலர் இனிமேல்தான் அச்சுக்குப் போகிறது. பக்கங்களைத் திருத்தும்போது என் கட்டுரையின் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அந்த இடத்தில் இதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்:

விரல் விட்டுப் பத்து வரை எண்ணிப் பாருங்கள். எந்த விரலில் தொடங்குகிறீர்கள் என்று கவனியுங்கள். அப்படி எண்ணக் காட்டியவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.